சந்து விட்டுக் கட்டிய ஆய்வுக்கூடம்: கேத்திச் சரிவில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடம்

புதிய ஆய்வகக் கட்டடத்துக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த தேவைப்பட்டியலின் தலைப்பிலேயே ‘எதிர்காலத்துக்குத் தயாரான’ என்ற அடைமொழி இருந்தது. உள்ளே புரட்டினால் தொடுதிரைப் பலகைகள், முகம் பார்த்துத் திறக்கும் கதவுகள், நேரலை வசதியுள்ள வகுப்பறை, நாலு பக்கமும் கண்ணாடி முகப்பு. மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மனை இருந்ததோ நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில், தெற்கு பார்த்த ஒரு சரிவில், கவாத்து செய்யாமல் மரமாக வளர்ந்துவிட்ட பழைய தேயிலைத் தோட்டத்தில்.

பெயர் போடவேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். அனுமதிகள் கிடைத்து, மண்வேலையும் தடுப்புச்சுவர்களும் முடிந்து, ஒரு வடகிழக்குப் பருவமழையையும் பார்த்தாகிவிட்டது. மேல்கட்டடம் இப்போது எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டடக்கலைஞராக இந்த வடிவமைப்பில் நான் எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். மலையில் ஆய்வகமோ கல்லூரியோ கட்டப்போகிறவர்களுக்குப் பயன்படலாம்.

மண்ணும் மழையும்

நீலகிரியின் அடிப்பாறை சார்னோக்கைட். நல்ல கெட்டிப் பாறைதான். ஆனால் அதன்மேல் காலங்காலமாகச் சிதைந்து உருவான செம்மண் போர்வை கிடக்கிறது, சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் அசையாமல் நிற்கும். அதை நம்பித்தான் பலர் வெட்டுகிறார்கள். தொடர்ந்து நாலைந்து நாள் தண்ணீர் குடித்தபிறகு அதே மண்ணின் குணமே வேறு.

2009 நவம்பர் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த நாட்களில் மாவட்டம் முழுக்க நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் இதையும் தாண்டிப் பெய்தது. ஆக, ‘நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழை’ என்று சொல்லிக் கணக்கைச் சுருக்க இங்கே இடமில்லை. எங்கள் இரண்டு வரிசைக் கட்டடத்துக்கும் சேர்த்துக் கூரைப் பரப்பு ஆயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர். 2009இன் மழை திரும்பி வந்தால் கூரையிலிருந்து மட்டும் 8.2 லட்சம் லிட்டர் இறங்கும், 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 68 லாரி. மேலேயுள்ள சரிவிலிருந்து வழிந்து வருவது இதில் சேராது.

இதைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே எழுதவேண்டும் என்றேன். கூட்டத்தில் ஒருவர், “அது சிவில் வேலை சார், நாம கான்செப்ட் பேசலாம்” என்றார். மலையில் சிவில் வேலைதான் கான்செப்ட். அன்றைக்கு அதை நாசூக்காகச் சொல்லவேண்டியிருந்தது.

7 மீட்டருக்குள் ஆய்வகம்

மலைப்பகுதிக்கான கட்டட விதிகளின்படி உயரம் 7 மீட்டரைத் தாண்டக்கூடாது. இவ்வளவு பெரிய கட்டடம் உள்ளூர் அளவில் முடிகிற காரியமும் இல்லை. வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்துகளோடு கோப்பு மேலே போகவேண்டும். கட்டடக்கலை, அழகியல் அம்சங்களைப் பார்க்கும் ஏஏஏ கமிட்டியின் கண்ணில் படவேண்டும். பொக்லைன் இயக்கவே மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி தேவை. இதையெல்லாம் தலைவலி என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த 7 மீட்டர் கட்டுப்பாடு கைகொடுத்தது என்றுதான் சொல்வேன். அது இல்லாவிட்டால் நாலு மாடியில் ஒரு பெட்டி வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், நானும் வரைந்து கொடுத்திருப்பேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், வேதியியல் ஆய்வகத்துக்குத் தலைக்குமேல் நிறைய இடம் வேண்டும். 7 மீட்டரில் இரண்டு தளம் என்றால் ஒரு தளத்துக்கு 3.5 மீட்டர். ஸ்லாபும் பீமும் 60 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றும் டக்ட் இன்னொரு 50. மிஞ்சுவது 2.4 மீட்டர். சாய்கூரைக்கும் அதே 7 மீட்டருக்குள்தான் இடம் பார்க்கவேண்டும். அந்த உயரத்தில் ஃபியூம் ஹூட் (ரசாயனப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வைத்து வேலை செய்பவரின் நிலைமையை நினைத்துப் பார்க்கலாம்.

அதனால் கட்டடத்தைச் சரிவில் இரண்டு வரிசையாகப் பிரித்தோம். மேல்வரிசை ஒரே தளம். ஆய்வகங்கள் எல்லாம் அங்கே, டக்டுகள் நேராகக் கூரைவழி வெளியேறும். கீழ்வரிசை இரண்டு தளம். வகுப்பறை, நூலகம், ஆசிரியர் அறைகள், கருத்தரங்கக் கூடம். டக்ட் தேவையில்லாத அறைகளுக்கு 3.5 மீட்டர் தாராளம். இரண்டு வரிசையும் சம உயரக் கோட்டை ஒட்டி நீளவாக்கில் போகின்றன. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் பழைய வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, மேட்டின் வளைவை ஒட்டியே வரிசையாக நிற்பதை யாரும் பார்க்கலாம். சரிவில் மேலும் கீழுமாகப் போகாமல் சம உயரக் கோட்டோடு போனால் வெட்டும் மண் குறைவு.

மேல்வரிசை ஒரே தளமானதில் இன்னொரு லாபம். ஆய்வகத் தரை முழுவதும் வெட்டிய கெட்டி மண்ணின்மேல் நேராக உட்கார்ந்துவிட்டது. நிரப்பிய மண்ணில் பாதையும் செடிகளும் மட்டும்தான், கட்டடத்தின் ஒரு பில்லர்கூட அதில் இல்லை. நுண்ணோக்கி வைக்கும் அறையில் அதிர்வுத் தொல்லை குறையும், பாரமான கருவி வந்தால் ஸ்லாப் தாங்குமா என்ற கேள்வியே எழாது. கீழ்வரிசையின் மேல்தளத்துக்கு மட்டும் அந்தக் கேள்வி இருந்தது. இந்தியத் தர விதிப்படி வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் பாரம் போதும், நூலக அடுக்கறைக்கு 6 வேண்டும். எல்லாத் தளத்தையும் 5க்குக் கணக்கிட்டு, நூலக அடுக்குகள் வரும் பகுதியை மட்டும் தரைத்தளத்தில் வைத்தோம். கம்பிச் செலவு கொஞ்சம் ஏறியது. நாளைக்கு ஒரு வகுப்பறை கருவி அறையாக மாறவேண்டி வந்தால் அப்போது ஸ்லாபை உடைத்து மாற்ற முடியாது, இப்போது கம்பியைக் கூட்ட முடியும்.

சந்து

இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி யாரும் படம் எடுக்கமாட்டாத பகுதி. மேல்வரிசையின் பின்னால், வெட்டிய மண்ணைத் தாங்கும் தடுப்புச்சுவருக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் அகலத்தில் 48 மீட்டர் நீளத்துக்கு ஒரு சந்து.

ஊட்டியிலும் குன்னூரிலும் சரிவில் நிற்கும் பல வீடுகளில் பின்சுவரே மண்ணைத் தாங்கும் சுவராகவும் இருக்கும். இடம் மிச்சம், செலவு மிச்சம். முதல் மழையிலேயே உள்பக்கம் பெயின்ட் உப்பும். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் பூசணம். அலமாரியை இழுத்துப் பார்த்தால் பின்னால் சுவர் கறுத்திருக்கும். மண் உண்மையிலேயே அசைந்தால் தள்ளுவது நேராக நாம் தூங்கும் அறையை. எங்கள் மேஸ்திரி இதைத் தன் பாணியில் சொன்னார்: “மண்ணையும் செவுத்தையும் ஒட்ட விடாதீங்க சார். ஒட்டினா ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னும்.”

பல்கலைக்கழகப் பொறியாளர் கணக்குப் போட்டார். ஒன்றரைக்கு 48 என்றால் 72 சதுர மீட்டர். “ரெண்டு ரூம் வரும் சார் அந்த எடத்துல.” வரும்தான். சந்தை விட்டுக்கொடுத்திருந்தால் வேறு என்னவெல்லாம் எங்கே போயிருக்கும் என்று காட்டினேன். அதன்பிறகு அவரே பதிவாளரிடம் போய் எனக்காக வாதாடினார்.

சந்துக்குள் இருப்பது இது. மலைப்பக்கம் கருங்கல் தடுப்புச்சுவர். அதன் முதுகில் 30 சென்டிமீட்டருக்கு ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே, மண்ணை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி. சுவரில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் 3 அங்குலக் கசிவுக் குழாய்கள், வெளிப்பக்கமாகச் சற்றே சரிந்து. துணி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் இரண்டு மழையில் சேறு அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாயுள்ள சுவர், குழாயே வைக்காத சுவரைவிட மோசம், ஏனென்றால் எல்லாரும் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள். சுவரின் காலடியில் 60 சென்டிமீட்டர் அகல வாய்க்கால். குழாய் பதித்து மூடிவிடலாம் என்று ஒப்பந்ததாரர் கேட்டார், மறுத்தேன். ஒரு ஆள் மண்வெட்டியோடு இறங்கி அள்ளும் அகலத்தில் வாய்க்கால் திறந்தே இருக்கிறது. பதினைந்து மீட்டருக்கு ஒரு வண்டல் குழி, அதன்மேல் மட்டும் தூக்கி எடுக்கிற கல்மூடி.

வரைபடப்படி, கட்டடப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மேலே தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், வாயு சிலிண்டர் குழாய். தோள் உயரத்தில் இரண்டு கேபிள் தட்டுகள், ஒன்று மின்சாரத்துக்கு, மற்றது இணையத்துக்கு. மூன்றாவதாக ஒரு தட்டு காலியாகக் கிடக்கிறது. ஒவ்வொரு 6 மீட்டருக்கும் சுவரில் ஒரு திறப்பு விட்டு, போல்ட் போட்ட பலகையால் மூடியிருக்கிறோம். புதிதாக ஒரு கருவி வந்தால் பலகையைக் கழற்றி, துளை போட்டு, உள்ளே இழுத்துக்கொள்ளலாம். சுவரை உடைக்கவேண்டாம், ஆய்வகத்தை மூடவேண்டாம். பிளம்பர் உள்ளே வந்து மாணவர்களின் மாதிரிகளைத் தட்டிவிடுவார் என்ற பயமும் இல்லை.

ஆய்வகச் சுவர்களும் இதே கணக்கில்தான். பில்லர்கள் விளிம்புகளில் மட்டும், நடுவே 9 மீட்டருக்குத் தடையில்லை. அறைகளைப் பிரிப்பவை எல்லாம் கழற்றி மாட்டும் பார்ட்டிஷன்கள். தண்ணீர், மின்சாரம், வாயு மூன்றும் சந்துப்பக்கத்திலிருந்து வருவதால் பார்ட்டிஷனுக்குள் எதுவும் ஓடவில்லை. அறையை எங்கே வேண்டுமானாலும் நறுக்கலாம்.

சந்தின் இரண்டு முனையிலும் காற்றோட்டத்துக்காக இரும்புக் கிராதிக் கதவு. வரைபடத்தில் இது முதலில் வெறும் கொண்டிக் கதவாக இருந்தது. பக்கத்து ஹட்டிப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “கரடி வந்து குடியிருக்கும் தம்பி, அப்புறம் நீங்கதான் மனு எழுதணும்” என்றார். சமையலறைக் கதவை உடைத்து எண்ணெய் குடித்துவிட்டுப் போகும் கரடிகள் உள்ள ஊர் இது. பூட்டு போட்டோம். மனையின் மேல்விளிம்பில் காட்டெருமைகள் வழக்கமாக நடக்கும் தடம் ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் வேலி போடாமல் விட்டது வனத்துறை சொல்வதற்கு முன்பே எடுத்த முடிவு.

கடந்த வடகிழக்குப் பருவத்தில் சந்துக்குள் போய்ப் பார்த்தபோது கசிவுக் குழாய்கள் பலவற்றில் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இரண்டில் மட்டும் செம்மண் கலங்கல். தெளிந்த தண்ணீர் என்றால் மண் தன் இடத்தில் இருக்கிறது. கலங்கலாக வந்தால் பின்னாலிருந்து மண் கரைந்து வருகிறது என்று பொருள். அந்த இரண்டு குழாய்களுக்கும் பின்னால் துணி சரியாக மடிப்பு விழவில்லை. மேலிருந்து தோண்டிச் சரிசெய்தார்கள். சந்து இல்லையென்றால் அந்தக் கலங்கலை யாரும் பார்த்திருக்கவே முடியாது.

முத்தொரையில் இருக்கும் சான்று

எதிர்காலத்துக்குத் தயாரான ஆய்வுக் கட்டுமானம் என்றால் எப்படியிருக்கும் என்று பல்கலைக்கழகக் குழுவுக்குக் காட்ட வெளிநாட்டுப் படங்கள் எதையும் தேடவில்லை. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தொரையில் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காகக் கோவிந்த் ஸ்வரூப் தலைமையிலான குழு வடிவமைத்து, 1970இல் இயங்கத் தொடங்கியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வடக்கு தெற்காக, ஏறத்தாழ 11 பாகை சரிவுள்ள ஒரு மலைச்சரிவின்மேல் படுத்திருக்கிறது. அந்த இடத்தின் அட்சரேகையும் அதே 11 பாகைதான். அதனால் கருவியின் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் சுழற்றினாலே வானில் ஒரு பொருளைத் தொடர்ந்து ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். சரிவைச் சமப்படுத்தாமல், சரிவையே கருவியின் பாகமாக்கினார்கள்.

24 வளைவுச் சட்டங்களும் அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 எஃகுக் கம்பிகளும்தான் அதன் உடம்பு. குவியக் கோட்டிலுள்ள அலைவாங்கி வரிசையும் அதற்குப் பின்னாலுள்ள மின்னணுக் கருவிகளும் அன்றிலிருந்து மாற்றப்பட்டு, மேம்படுத்தப்பட்டு வந்திருக்கின்றன. எது நிற்கும், எது மாறும் என்று பிரித்து வைத்ததால் அரை நூற்றாண்டு கடந்தும் அது பழசாகவில்லை. குழுவை அங்கே அழைத்துப்போய் வந்தபிறகு தொடுதிரையைப் பற்றிய பேச்சு குறைந்தது. சந்தில் மூன்றாவது கேபிள் தட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கு எதிரான வாதமும் இருக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்திலுள்ள ஸ்டோன் ஹவுஸ், கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் தனக்காகக் கட்டிய பங்களா. வீடாக எழும்பியது, இன்று கல்லூரியின் பகுதி. எந்தத் திட்டமும் இல்லாமலே இருநூறு வருஷம் மாறி மாறிப் பயன்பட்டிருக்கிறது, அப்படியிருக்க உங்கள் சந்தும் தட்டும் எதற்கு என்று ஒரு பேராசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. வகுப்பறையும் அலுவலகமும் எந்தச் சுவருக்குள்ளும் குடியேறிவிடும். ஃபியூம் ஹூட் குடியேறாது.

குளிர், வெயில், ஈரம்

கேத்தியில் டிசம்பர் மாத நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். கோயம்புத்தூர் வழக்கப்படி ஜன்னலுக்கு நேர்மேலே 60 சென்டிமீட்டர் சன்ஷேட் போட்டால் நிழல் 86 சென்டிமீட்டர் கீழே விழும். 120 சென்டிமீட்டர் ஜன்னலில் 34 சென்டிமீட்டருக்குத்தான் வெயில் உள்ளே வரும். உறைபனிக் காலத்தில், ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருக்கும் அறையில், வெயிலை வெளியே நிறுத்தும் வேலையைச் செலவு செய்து பார்க்கிறோம். தெற்கு ஜன்னல்களுக்கு சன்ஷேடை 45 சென்டிமீட்டராகக் குறைத்து, ஜன்னலுக்கு 30 சென்டிமீட்டர் மேலே தூக்கினோம். நிழல் இப்போது 34 சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. சாரல் அடிக்கும் கிழக்கு முனைச் சுவரில் ஜன்னலே இல்லை, அங்கே ஆழமான வராந்தாவும் படிக்கட்டும்.

கண்ணாடி முகப்பைக் கைவிடச் சொல்ல இந்தக் கணக்கு மட்டும் போதவில்லை. ஃபியூம் ஹூட் கணக்கு உதவியது. ஒன்றரை மீட்டர் அகல ஹூட்டைப் பாதுகாப்பான வேகத்தில் ஓட்டினால் மணிக்கு சுமார் 1,200 கன மீட்டர் காற்று வெளியே போகும். அதே அளவு குளிர்காற்று உள்ளே வரும். அதை 12 பாகை சூடேற்றவே ஒரு ஹூட்டுக்கு 4 கிலோவாட். சூட்டுக்கே இவ்வளவு செலவென்றால் அதை வெளியே விடும் கண்ணாடி கட்டுப்படியாகாது. துறைக்கு ஒன்றாகக் கேட்டிருந்த ஹூட்டுகளை ஒரே அறையில் கூட்டி, எண்ணிக்கையைப் பாதியாக்கினோம்.

ஈரத்துக்குத் தனி வைத்தியம். இந்த மலையில் கேமரா வைத்திருக்கும் எல்லாருக்கும் லென்ஸ் பூசணம் தெரியும். கட்டடம் முழுக்க ஏ.சி. போட்டு ஈரத்தை விரட்டுவதற்குப் பதில், மேல்வரிசையின் நடுவே ஒரே ஒரு உலர் அறை, ஜன்னல் இல்லாமல், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தோடு. லென்ஸ்கள், உலர் தாவர மாதிரிகள், தரவு சேமிக்கும் வட்டுகள் எல்லாம் அங்கே. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து எடுத்த சூரியப் படத்தகடுகளைப் பத்திரப்படுத்தி வைத்ததால்தான் இன்றைக்கு அவற்றை எண்மப்படுத்திச் சூரியச் சுழற்சியை ஆராய முடிகிறது. கருவி போனாலும் தரவு மிஞ்சவேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பருவமழையில் மரம் விழும், கரண்ட் போகும். இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஜெனரேட்டர் அதன் பெயர்ப்பலகையில் உள்ள திறனைத் தராது, அதற்கேற்பப் பெரிதாக வாங்கவேண்டும். மைனஸ் 80 பாகையில் மாதிரிகளை வைக்கும் உறைபெட்டிகளுக்கு மட்டும் தனி இணைப்பு.

கற்றல் பகுதியில் மிகவும் உருப்படியான யோசனை ஒரு பேராசிரியையிடமிருந்து வந்தது. “ஸ்மார்ட் போர்டு இல்லாட்டியும் நான் பாடம் நடத்திடுவேன் சார். ஈரச் சாக்ஸோட உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒண்ணும் ஏறாது” என்றார். கோத்தகிரி, மஞ்சூர் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் ஜூனிலும் நவம்பரிலும் நனைந்துதான் வந்து சேர்கிறார்கள். கீழ்வரிசை நுழைவாயிலில் வரவேற்பு மேசைக்கு வைத்திருந்த இடத்தைக் குடை, ஸ்வெட்டர், ஷூ காயவைக்கும் அறையாக மாற்றினோம். வெதுவெதுப்பான காற்று, மரக் கம்பிகள், வடிகால், ஆளுக்கொரு லாக்கர். நூலகத்துக்குத் தனி வாசலும் வைத்தோம். மற்றக் கதவுகளைப் பூட்டிய பிறகும் கடைசி பஸ் வரும்வரை உள்ளே உட்கார்ந்து படிக்கலாம்.

இன்னும் முடியாத கோப்பு

வாய்க்காலையும் வண்டல் குழிகளையும் இரண்டு பருவமழைக்கும் முன்னால் ஒவ்வொரு முறை அள்ளவேண்டும். கனமழை பெய்த ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் ஒருவர் சந்தில் நடந்து குழாய்களில் வரும் தண்ணீர் தெளிவா கலங்கலா என்று பார்த்துக் குறித்து வைக்கவேண்டும். இரண்டு ஆள் கூலியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஆனால் பல்கலைக்கழக வரவுசெலவில் லிஃப்டுக்கும் ஏ.சி.க்கும் மென்பொருளுக்கும் ஆண்டுப் பராமரிப்புத் தலைப்பு இருக்கிறது, வாய்க்காலுக்கு இல்லை. நிதிப்பிரிவு இதை சிவில் தலைப்பில் சேர்ப்பதா, தோட்டப் பராமரிப்பில் சேர்ப்பதா என்று கேட்டு எழுதியிருக்கிறது. ஆய்வகக் கருவிப் பராமரிப்பில் சேர்க்கவேண்டும் என்று பதில் எழுதினேன். உறைபெட்டிக்கு ஆள் வந்து பார்க்கும் அதே ஒப்பந்தத்தில் சந்தும் வரட்டும் என்பது என் கட்சி. கோப்பு பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அக்டோபருக்குள் முடிவு வராவிட்டால் துறையின் சில்லறைச் செலவிலிருந்து கூலி கொடுத்துவிடுவதாகத் துறைத்தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.